சீட்டுக் கடனும் சனிக்கிழமை வகுப்பும்

போன மாதம், ஊட்டியில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் ரத்த வங்கிக்குப் போயிருந்தேன். வைப்பு நிதித் தாள் ஒன்றில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. உள்ளே எல்லாம் மாறிவிட்டது. நாங்கள் கண்ணாடிக் குழாய்களைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்த மேஜையில் இப்போது ஓர் இயந்திரம் இருக்கிறது. சின்ன அட்டை ஒன்றைச் செருகினால் அதுவே சுற்றி, அதுவே பார்த்து, இந்த ரத்தம் இவருக்குச் சேரும், சேராது என்று திரையில் காட்டிவிடுகிறது. நல்லதுதான். எனக்கு அதன் மேல் வருத்தம் ஒன்றும் இல்லை.

அந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஷாலினி, நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு சேர்ந்த பெண். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டாள்.

“மேடம், அப்பா வாங்குன கடன் இருக்குதுங்க. எனக்கு மேல படிக்கறதுக்கு இடம் கெடச்சிருக்குது. கடனைக் கட்டி முடிச்சுட்டுப் படிக்கறதுங்களா, இல்ல படிச்சுட்டே கட்டறதுங்களா? நீங்க ரெண்டையும் ஒண்ணாப் பண்ணுனீங்கன்னு சிஸ்டர் சொன்னாங்க.”

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் கால் ஓரிடத்தில் நிற்பதில்லை. எழுதினால் கொஞ்சம் அடங்கும், ஷாலினியிடம் கொடுக்கவும் ஒரு பதில் இருக்கும் என்று உட்கார்ந்தேன்.

என் அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். குந்தாப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் வேலையும், வரிசை வீடுகளில் ஒன்றும் கிடைத்தன. அந்த வரிசையை எல்லோரும் லைன் என்பார்கள். அம்மா மட்டும் கடைசி வரை லயம் என்றே சொன்னார். நான் பள்ளியில் படிக்கும்போதே அப்பா நெஞ்சுச் சளியில் போய்விட்டார். அம்மா கொழுந்து பறித்து என்னைப் படிக்கவைத்தார். கோவையில் ஆய்வகப் பட்டயப் படிப்பு. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஊசி குத்திப் பழக ஒருவர் கையை ஒருவர் கன்றவைத்துக்கொண்டதும், மலையிலிருந்து போன எனக்கு வெயிலில் மூக்கில் ரத்தம் வந்ததும்தான் நினைவிருக்கிறது. முடித்ததும் ஊட்டியில் வேலை கிடைத்தது.

ரத்த வங்கியின் பொறுப்பு டாக்டர் எஸ்தரிடம் இருந்தது. ஒல்லியான உருவம், கோட்டுக்கு மேல் எப்போதும் ஒரு சாம்பல் நிறச் சால்வை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. உயர்த்தியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். தப்பு நடந்தால் பக்கத்தில் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “மறுபடி செய், நான் பாக்கிறேன்” என்பார். முடியும் வரை எழுந்து போகமாட்டார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது விரல்கள் சொன்னபடி கேட்காது.

ரத்தம் சேருமா என்று பார்ப்பதில் அவர் வைத்ததுதான் சட்டம். நோயாளியின் ரத்தத்திலிருந்து தெளிந்த நீரை எடுத்து, கொடுப்பவரின் சிவப்பணுக்களோடு குழாயில் கலப்போம். உடம்புச் சூட்டில் வைப்போம். உப்புநீரில் மூன்று முறை கழுவி, ஒரு மருந்தைச் சொட்டி, சுழலவிட்டு எடுத்தால் அடியில் சிவப்பாக ஒரு பொட்டு படிந்திருக்கும். விளக்குக்கு முன்னால் குழாயை மெல்லச் சாய்க்க வேண்டும். பொட்டு புகை மாதிரிக் கலைந்தால் சேரும். துணுக்குத் துணுக்காகப் பெயர்ந்தால் சேராது. ஏற்றினால் ஆளையே கொன்றுவிடலாம்.

“குலுக்காதே. சாய்” என்பார் டாக்டர். “அவசரத்துல குலுக்கினா, ஒட்டிக்கிட்டு இருந்தது பிரிஞ்சு போயிடும். நீயும் எல்லாம் சரின்னு எழுதிடுவே.”

சேர்ந்து இரண்டு வருடம் இருக்கும். பட்டப் படிப்பு இருந்தால்தான் மேல் பதவி என்று சட்டம் வந்தது. கோவையில் ஒரு கல்லூரி, வேலையில் இருப்பவர்களுக்கு வாரம் ஒரு நாள் வகுப்பு நடத்தியது. விண்ணப்பித்தேன், இடமும் கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன். லைனுக்கு முன்னால் குழாயடியில் ஊரே நின்றுகொண்டிருந்தது. நடுவில் அம்மா.

அம்மா சீட்டு நடத்திவந்தார். மாதாமாதம் எல்லோரும் ஒரு தொகை போடுவார்கள். குலுக்கலில் பெயர் வந்தவர் அந்த மாத மொத்தப் பணத்தையும் எடுத்துக்கொள்வார். எடுத்தவரும் கடைசி வரை தன் பங்கைப் போட்டுவர வேண்டும். லாரி ஓட்டிய தங்கராசு என்பவர் தன் பேரிலும் மச்சான், மாமியார் பேரிலும் அவசரம் என்று கேட்டு, குலுக்கலுக்குக் காத்திராமல் முன்கூட்டியே சீட்டு எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு எங்கோ போய்விட்டார். அதே சமயம் தேயிலை விலை விழுந்து எஸ்டேட்டில் வேலை நாளைக் குறைத்தார்கள். எடுத்த மற்றவர்களும் கட்டுவதை நிறுத்தினார்கள். அதுவரை எடுக்காமல் போட்டுக்கொண்டே வந்தவர்களின் பணம் அம்மாவின் தலையில் விழுந்தது.

“நான் யாரையும் ஏமாத்தல” என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் குரல் பலமாகிவிட்டது. “இந்தா வந்துட்டா. எம் மவ சம்பாதிக்கிறா. ஒருத்தர் காசு பாக்கியில்லாம அவ கட்டிருவா. இது சத்தியம்.”

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் பிறந்ததிலிருந்து தூக்கி வளர்த்தவர்கள். அப்பா செத்தபோது எங்கள் வீட்டில் மூன்று நாள் உலை ஏற்றவிடாமல் சோறு கொண்டுவந்து கொடுத்தவர்கள். முடியாது என்று எப்படிச் சொல்வது? சரி என்று தலையை ஆட்டினேன்.

அன்றைக்கு யாரும் அழவில்லை, பார்வதி அக்காவைத் தவிர. எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவர். மகள் கல்யாணத்துக்கென்று குலுக்கலில் சேராமல், கடைசிச் சீட்டாக எடுப்பதற்குப் போட்டுவந்த பணம் அவருடையது. அடுத்த மாதம் அந்தச் சம்பந்தம் தட்டிப்போனது. மாப்பிள்ளை வீட்டார் வேறு இடத்தில் பெண் எடுத்துவிட்டார்கள்.

டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி, கல்லூரிக் கட்டணத்துக்கு முன்பணம் கேட்டேன். கேட்டுக்கொண்டே கண்ணாடியைத் துடைத்தார்.

“பணம் குடுக்க மாட்டேன். உனக்குக் கடன் ஏற்கெனவே இருக்கு, இன்னொண்ணு எதுக்கு?” என்றார். “வகுப்பு என்னைக்கு?”

“சனிக்கிழமை, டாக்டர்.”

“ஞாயித்துக்கிழமை ட்யூட்டிக்கு ஆள் கிடைக்காம அல்லாடறேன். அதை நீ எடுத்துக்கோ. அதுக்குத் தனிப் படி உண்டு. சனிக்கிழமை உனக்கு லீவு. அந்தப் படி கட்டணத்துக்குச் சரியா வரும்னு நினைக்கிறேன். சரியா வரலேன்னா வந்து அழாதே.”

சரியாக வந்தது, கொஞ்சம் முன்னே பின்னே.

ஊட்டியில் பெர்ன்ஹில் பக்கம் ஒரு தோழியோடு இருந்த வாடகை அறையைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கே திரும்பினேன். தினமும் ஊட்டிக்குப் போய்வர ஆரம்பித்தேன். சனிக்கிழமை மஞ்சூர் போய், கெத்தை வழியாகக் கோவைக்கு இறங்கும் பஸ். அந்த வளைவுகளில் புத்தகத்தைப் பிரித்தால் குமட்டும். அதனால் படிக்க வேண்டியதை முதல் நாள் பார்த்துவைத்துக்கொண்டு, கண்ணை மூடி மனசுக்குள் ஒப்பிப்பேன். சில நாள் யானை ரோட்டில் நின்றுவிடும். டிரைவர் இன்ஜினை அணைத்துவிடுவார். பஸ்ஸில் எல்லோரும் யானையைப் பார்ப்பார்கள். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். வகுப்பில் உட்கார்ந்தால் வீட்டு நினைப்பு, வீட்டில் படுத்தால் பாட நினைப்பு, வேலையில் மட்டும்தான் நான் நின்ற இடத்தில் இருந்தேன். டாக்டருக்குப் பயந்து.

கடனை யாருக்கு முதலில் கொடுப்பது என்பதில் சண்டை வந்தது. அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். சம்பளம் வந்த முதல் ஞாயிறு மாலை, பாக்கி உள்ளவர்கள் பேரைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு சொம்பில் போட்டுக் குலுக்குவார். பேர் வந்தவருக்கு அந்த மாதப் பணம். சீட்டு நடத்தியது போலவே நடந்தது, பணம் மட்டும் எங்கள் வீட்டிலிருந்து வெளியே போனது. குலுக்கும்போது ஆள்கள் சொம்பையே பார்ப்பார்கள். பேர் வராதவர்கள் என்னையும் பார்த்துவிட்டுப் போவார்கள்.

பார்வதி அக்காவின் பேர் வரவே இல்லை. ஒரு சனிக்கிழமை விடியற்காலை பையை மாட்டிக்கொண்டு இறங்கும்போது அவர் குழாயடியில் குடம் வைத்திருந்தார்.

“எங்கே பயணம்?”

“கோயம்புத்தூருக்குக்கா. வகுப்பு.”

“பஸ்ஸுக்குக் காசு இருக்கு. காலேஜுக்குக் காசு இருக்கு. எம் மவ கழுத்துல ஏறவேண்டிய காசுதானே அது?” குடம் நிரம்பி வழிந்தது. அவர் குழாயை மூடவில்லை. “படி, படி. படிச்சுப் பெரிய ஆளாயி எங்களை எல்லாம் மறந்துரு.”

படிப்புக்கு ஞாயிற்றுக்கிழமை உழைப்பு தனி, சம்பளம் அப்படியே சொம்புக்குத்தான் போகிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லி என்ன ஆகப்போகிறது? அவர் இழந்ததை என் கணக்கு ஈடு செய்யாது. பஸ்ஸுக்கு ஓடினேன். அன்று முழுவதும் பேராசிரியர் சொன்ன ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை.

மூன்றாம் வருடம் அது நடந்தது. இறுதிப் பரீட்சைக்குக் கொஞ்ச நாளே இருந்தது. முற்பகல் நேரம். விபத்துப் பிரிவிலிருந்து அட்டெண்டர் ராஜு அண்ணன் ஓடிவந்தார்.

“ஏனுங்க இந்திராணி, உங்க எஸ்டேட் ஆளுங்க. காட்டெருமை குத்திப்போடுச்சு. வயித்துக்குள்ள ரத்தம் கசியுதுன்னு டாக்டர் சொல்றாருங்க. உடனே ரத்தம் வேணுமாம்.”

மாதிரிக் குழாயில் ஒட்டியிருந்த பேரைப் பார்த்தேன். பார்வதி. கொழுந்துக் காட்டில் புதருக்குப் பின்னால் படுத்திருந்த மாடு, பனியில் தெரியாமல் பக்கத்தில் போயிருக்கிறார். கை தன் வேலையைத் தொடங்கிவிட்டது. ‘ஓ’ பாசிட்டிவ். அந்த வகையில் எங்களிடம் நாலு பை இருந்தன. நாலுக்கும் குழாய் போட்டேன்.

முதல் குழாயைச் சாய்த்தேன். பொட்டு துணுக்காகப் பெயர்ந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். நாலாவதில் துணுக்குகள் பொடியாக இருந்தன. ஒரு குலுக்குக் குலுக்கியிருந்தால் கலைந்திருக்கும்.

டாக்டர் எஸ்தரைக் கூப்பிட்டேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து நாலையும் பார்த்தார். “முன்னாடி எப்பவாவது இவங்களுக்கு ரத்தம் ஏத்தியிருக்காங்களா?”

எனக்குத் தெரியும். கடைசிப் பிரசவத்தில் ஏற்றினார்கள். அப்போது அம்மாதான் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தார். ஒரு முறை வந்த அந்நிய ரத்தத்தை உடம்பு ஞாபகம் வைத்துக்கொள்ளும். அதே போல இன்னொன்று வந்தால் எதிர்க்கும். அதுதான் நடந்திருந்தது.

அறுவை சிகிச்சை டாக்டர் வாசலுக்கே வந்துவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. மேஜையில் ஆள் வெளுத்துக்கொண்டே போகிறார். “மேடம், வகை ஒண்ணுதானே? எதாவது ஒண்ணு குடுங்க. கையில நேரம் இல்ல.”

“குடுத்தா நீங்க தைக்கிறதுக்கு முன்னாடியே கிட்னி போயிடும். நீங்க உப்புநீர் ஏத்திக்கிட்டே வயித்தைத் திறங்க, கசியற இடத்தைப் பிடிச்சு நிறுத்துங்க. அதுக்குள்ள நாங்க ஆள் தேடறோம்” என்றார் டாக்டர் எஸ்தர். கூடவே எஸ்டேட் ஆபீசுக்குப் போன் போடச் சொன்னார்.

இதெல்லாம் வாசலுக்கு வெளியே நின்றிருந்த பார்வதி அக்காவின் கணவர் மாரியப்பன் காதில் அரைகுறையாக விழுந்தது. கதவின் கண்ணாடி வழியாக அவர் குளிர்ப்பெட்டியைப் பார்த்துவிட்டார். பை பையாக ரத்தம் தொங்குகிறது. உள்ளே நான் நிற்கிறேன்.

“ரத்தம் இருக்கு! நான் கண்ணால பாத்தேன்!” கதவை அறைந்தார். “குடுக்க மாட்டேங்கிறா. எம் பொண்டாட்டி நாலு வார்த்தை பேசிட்டான்னு பழி தீர்க்கிறா. அவளுக்குத் தர வேண்டிய காசு மிச்சமாகும்ல!”

வராந்தா முழுக்கக் கேட்டது. நர்சுகள் திரும்பிப் பார்த்தார்கள். என் கையிலிருந்த குழாய் நடுங்கியது. நாலாவது குழாயை எடுத்து ஒரே உலுக்கில் சரி என்று எழுதிக்கொடுத்துவிட்டால் இந்தச் சத்தம் நின்றுவிடும் என்று ஒரு நொடி தோன்றியது.

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். “நீ போய் உக்காந்துக்கிறியா? நான் பாக்கிறேன்.”

“இல்ல டாக்டர். நானே பாக்கிறேன்.”

“அப்ப அந்தக் குழாயைக் கீழே வை. கை நின்னப்புறம் எடு” என்று சொல்லிவிட்டு அவரே வெளியே போனார். மாரியப்பன் அண்ணன் கத்திக்கொண்டிருந்த இடத்தில், அவருக்கு எதிரே, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றார். “அந்த ரத்தம் உங்க வீட்டம்மாவைக் கொன்னுடும். அதனாலதான் அந்தப் பொண்ணு தரல. தந்திருந்தா நான் அவளை வேலையை விட்டு அனுப்பியிருப்பேன்.” அவ்வளவுதான் சொன்னார். மாரியப்பன் அண்ணன் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். நம்பினாரா என்று தெரியாது.

மதியம் தாண்டி எஸ்டேட்டின் கொழுந்து லாரி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. கம்பிவலை அடித்த அந்த லாரியின் பின்பக்கத்திலிருந்து எங்கள் லைன் மொத்தமும் இறங்கியது. வேலைக் காட்டிலிருந்து நேராக வந்திருந்தார்கள். இடுப்பில் செடி கிழிக்காமல் கட்டிய சாக்குப் படங்கு, காலில் சேறு, சிலர் தலையில் கூடைக்கயிற்றின் தடம் இன்னும் இருந்தது. நாங்கள் பணம் தர வேண்டியவர்கள் அத்தனை பேரும் என் அறை வாசலில் வரிசையாக நின்று சட்டைக் கையைச் சுருட்டினார்கள்.

முதலில் ரத்தத்தின் பலம் பார்க்க வேண்டும். ஒரு குவளையில் நீல நிற மருந்துக் கரைசல். விரலில் குத்தி ஒரு துளியை அதில் விடுவோம். ரத்தம் பலமாக இருந்தால் துளி நேரே அடிக்குப் போகும். இல்லையென்றால் மிதக்கும். மிதந்தால் எடுக்கக் கூடாது. ஆண்களின் துளிகள் பெரும்பாலும் இறங்கின. பெண்களில் பாதிப் பேருக்கு மேல் மிதந்தது. கொழுந்துக் காட்டுப் பெண்களின் உடம்பு எப்படியிருக்கிறது என்று அன்றுதான் வரிசையாகப் பார்த்தேன்.

அம்மா முறை வந்தது. விரலை நீட்டினார். குத்தினேன். துளி நீலத்தில் விழுந்தது, அசையாமல் மேலேயே நின்றது. இன்னொரு துளி விட்டேன். அதுவும் மிதந்தது. மற்ற பெண்களுடையது கொஞ்சம் இறங்கிப் பிறகு தயங்கும். அம்மாவுடையது அது கூட இல்லை.

“எடுக்க முடியாதும்மா. அடுத்தவங்க வரட்டும்.”

“ஏன் முடியாது?”

“உனக்கே ரத்தம் இல்ல.”

“எனக்கா இல்ல? காலையில வேலைக்கு ஆளெடுக்கிற பெரட்டுல பேர் குடுத்துட்டு மூணு மலை ஏறி எறங்கியிருக்கேன். எடுடி!” கையை மேஜையில் வைத்து அழுத்தினார். “அவளுக்குக் காசுதான் குடுக்க முடியல. இதையாவது குடுத்துக்கிறேன், எடு.”

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல மேஜையிலிருந்து எடுத்தேன். கொழுந்து பறித்துக் கறுத்த விரல்கள், நகத்தடியில் ரத்தமே தெரியவில்லை, வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. பின்னால் நின்ற, அம்மாவோடு கொழுந்து பறிக்கும் சரோஜா அக்கா அம்மாவைத் தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் பெஞ்சில் உட்காரவைத்தார்.

எடுக்கக்கூடியவர்களில் ‘ஓ’ வகைக்காரர்களின் மாதிரியை எடுத்துப் பொருத்திப் பார்த்தேன். கழுவினேன், சொட்டினேன், சுழலவிட்டேன், சாய்த்தேன். துணுக்கு. துணுக்கு. பிறகு ஒன்று, விளக்குக்கு முன்னால் புகை மாதிரிக் கலைந்தது. நம்பாமல் மறுபடி செய்தேன். டாக்டர் பார்த்துத் தலையசைத்தார். ஃபாக்டரியில் கொழுந்து உலர்த்தும் ஒரு பையன், வாட்ச்மேன் ஒருவர், சரோஜா அக்கா. இந்த மூன்று பேருடையது சேர்ந்தது. மற்ற நோய்ச் சோதனைகளையும் அவசரமாக முடித்து முதல் பையை ராஜு அண்ணன் கையில் கொடுத்தபோது எனக்கு என் பேரே மறந்திருந்தது.

பார்வதி அக்கா பிழைத்தார். மண்ணீரலை எடுத்துவிட்டார்கள்.

அன்று மாலை நானும் அம்மாவும் அதே லாரியில் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “காலையில என்ன சாப்பிடற?”

“ரொட்டி.”

“மத்தியானம்?”

“டீ இருக்கில்ல.”

“அப்ப என் டப்பாவுல முட்டை எங்கிருந்து வருது?”

அம்மா குனிந்து அடுப்பை ஊதினார். தினமும் என் மதியச் சாப்பாட்டில் ஒரு முட்டை இருக்கும். படிக்கிற புள்ளைக்கு என்று வைப்பார். எங்கள் இருவரில் யார் கடனைக் கட்டிக்கொண்டிருந்தது என்று அப்போது எனக்குப் புரிந்தது. நான் சம்பளத்தைக் கொடுத்தேன். அம்மா உடம்பைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வார்டில் பார்வதி அக்காவைப் பார்க்கப் போனேன். இரண்டு நாள் போகாமல் தள்ளிப்போட்டுவிட்டு மூன்றாம் நாள் போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். திரும்பாமலேயே பேசினார்.

“எனக்கு வர வேண்டியதை விட்டுக்குடுத்துருவேன்னு மட்டும் நெனைக்காதே.”

“நெனைக்கலக்கா.”

“எம் மவ இன்னும் ஊட்டுலதான் இருக்கா.”

“தெரியும்க்கா.”

சுவரைப் பார்த்தபடியே தொடர்ந்தார். “பரீட்சைக்குக் காசு கட்டணும்னு உங்காத்தா சொன்னா. ரெண்டு மாசத்துக்கு அந்தச் சொம்புல எம் பேர் வந்தா எனக்குக் குடுக்க வேணாம், பரீட்சைக்குக் கட்டு. பொறவு பாத்துக்கலாம்.” நான் போர்வையைச் சரி செய்துவிட்டு வந்தேன். மாரியப்பன் அண்ணன் வாசலில் நின்றார். அன்று பேசியதைப் பற்றி அவர் அப்போதும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

அந்த மாதம் முதல் ஞாயிறு, அம்மா சொம்பை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு வந்தபோது, நான் குறுக்கே போய் நின்றேன். அத்தனை பேருக்கு முன்னால் அதுவரை நான் பேசியதே இல்லை.

“இந்த மாசத்துலேருந்து நான் பாதிதான் தருவேன்” என்றேன். “எல்லாருக்கும் தர்றேன். ஒருத்தருக்கும் நிக்காது. ஆனா முன்ன சொன்னதை விட ரொம்ப நாள் ஆகும்.”

சலசலப்பு கிளம்பியது. “உங்காத்தா சத்தியம் பண்ணுனாளே!” என்றார் ஒருவர்.

“அது அம்மா பண்ணுனது. இப்ப நான் பண்ணறேன். அன்னிக்கு ஆஸ்பத்திரியில அம்மாவோட ரத்தத்தை நீங்க எல்லாரும் பாத்தீங்க. இன்னும் ஒரு வருசம் இப்படியே கட்டுனா கடன் தீரும், அம்மா இருக்காது. படிப்பையும் நிறுத்த மாட்டேன். முடிச்சா சம்பளம் கூடும், அப்ப வேகமா கட்டுவேன். ஒத்துக்கிட்டா ஒத்துக்கங்க. ஒத்துக்கலேன்னாலும் என்னால இவ்வளவுதான் முடியும்.”

அம்மாவின் முகம் இறுகிவிட்டது. தன் சத்தியத்தை மகளே ஊர் முன்னால் உடைத்துவிட்டாள். ஒருவர் காறித் துப்பிவிட்டுப் போனார். இரண்டு குடும்பம் அதன் பிறகு எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை, பணத்தை மட்டும் ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டார்கள். மற்றவர்கள் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள். சரோஜா அக்கா மட்டும், “சொம்பைக் குலுக்குங்க, சோறு ஆறுது” என்றார்.

அம்மா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. ஆனால் அந்த வாரத்திலிருந்து முட்டையைப் பாதியாக வெட்டினேன், பாதியை அவர் தட்டில் வைத்தேன். முதல் நாள் தள்ளிவிட்டார். இரண்டாம் நாள் சாப்பிட்டார்.

பரீட்சை எழுதினேன். ஒரு பாடம் போனது, அடுத்த முறை தேறினேன். டாக்டர் எஸ்தர் மதிப்பெண் தாளை வாங்கி மேலிருந்து கீழ் வரை பார்த்துவிட்டு, “இதுல ஏன் இவ்வளவு கம்மி?” என்றார். அவர் பாராட்டு அந்த அளவுதான். அடுத்த மாதமே பதவி உயர்வுக்கு எழுதி அனுப்பியிருந்தார். சம்பளம் கூடியது. பேர்கள் ஒவ்வொன்றாகச் சொம்பிலிருந்து குறைந்தன. பார்வதி அக்காவுக்கு முழுவதும் கொடுத்து முடித்த மாதம் அவர் பணத்தை எண்ணிப் பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டு, “சரி” என்றார். அவர் மகளுக்குப் பிறகு கல்யாணம் நடந்தது. அழைத்தார்கள், போனோம்.

கடைசியாக மிச்சம் இருந்தது சரோஜா அக்காவின் பணம். அவருடைய பேர் முன்பே வந்திருந்தும், இரண்டு முறை வேறு யாருக்கோ அவசரம் என்று விட்டுக்கொடுத்திருந்தார். இதற்குள் கணவர் இறந்துவிடவே, மகனோடு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். ஆள் மூலம் அனுப்பலாம் என்றேன். அம்மா கேட்கவில்லை.

“என் கையால குடுக்கணும்.”

இருவரும் போனோம். அம்மா மலையை விட்டு இறங்கிப் பல வருடம் ஆகியிருந்தது. வெயிலில் முகம் சிவந்து, பஸ் ஜன்னலோரம் தலையைச் சாய்த்துக்கொண்டே வந்தார். சரோஜா அக்கா ஒரு சின்ன அறையில் இருந்தார். மடியில் பனியன் குவியல், தையலில் நீண்டிருந்த நூல்களை வெட்டிக்கொண்டிருந்தார். பணத்தை நீட்டியதும் அவருக்கு ஒரு கணம் எதற்கென்றே புரியவில்லை.

“அட, நான் அதை எப்பவோ விட்டுட்டேனே முத்தம்மா!”

“நான் விடல” என்றார் அம்மா.

பணத்தை அவர் கையில் வைத்துவிட்டு, மடியிலிருந்து ஒரு கத்தரியை எடுத்து, பேசிக்கொண்டே நூல் வெட்ட ஆரம்பித்தார். கிளம்பும் வரை வெட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் என் கையில் ஒன்றும் இல்லை. புத்தகமும் இல்லை, கொடுக்க வேண்டிய உறையும் இல்லை. கையை மடியில் வைத்தேன், எடுத்தேன், ஜன்னல் கம்பியைப் பிடித்தேன். நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது வேறு ஏதோ, பேர் தெரியவில்லை. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் குளிர் காற்று வந்தது. தூங்குகிறார் என்று நினைத்த அம்மா கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

“அடுத்து என்ன படிக்கப் போற?”

“போதும்மா. எல்லாம் முடிஞ்சிருச்சே.”

“உன்னால சும்மா உக்கார முடியுமா? மேட்டுப்பாளையத்துலேருந்து பாத்துக்கிட்டு வர்றேன், கை ஒரு எடத்துல நிக்கல.”

நான் சிரித்துவிட்டேன். அம்மாவும் சிரித்தார், கண்ணை மூடியபடியே. அடுத்த மாதச் சம்பளம் வந்த அன்று, ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தபால் ஆபீஸுக்குப் போய் முதுகலைக்கு விண்ணப்பம் அனுப்பினேன்.